வாலக்கா, பலம், டமில்: ஒரே பிழையை மூன்று விதமாகக் கேட்கிற காது

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஒரு காய்கறிக்காரர் எனக்குப் பத்து வருடப் பழக்கம். பிறந்து வளர்ந்தது எல்லாம் பக்கத்திலேயே இருக்கிற கோட்லா முபாரக்பூரில், தாய்மொழி இந்தி. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் தேடி வரும் தமிழர்களிடமும் மலையாளிகளிடமும் பேசிப் பேசியே கடைக்கு வேண்டிய தமிழைப் பிடித்துக்கொண்டவர். "அம்மா, சின்ன வேங்காயம் இன்னிக்கு வந்தது, வாலக்கா பாருங்க, கோத்தமல்லி புதுசு" என்பார். வெங்காயம் அவர் வாயில் வேங்காயம், வாழைக்காய் வாலக்கா. யாரும் அவரைத் திருத்திப் பார்த்ததில்லை. "எவ்வளவு அழகா தமிழ் பேசறார் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே கால் கிலோ கேட்க வந்தவர்கள் அரைக் கிலோ வாங்கிப் போவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்புப் பொங்கல் விழாவுக்கு, டெல்லியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு ஜெர்மானியப் பெண் வந்திருந்தார். மைக்கைப் பிடித்து "உங்கள் அனைவரையும் சந்திப்பதில் மிக்க மகிழ்ச்சி. நான் டமில் கற்கிறேன்" என்றார். அரங்கமே கைதட்டியது. என் பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "நம்ம பசங்க இவங்களைப் பார்த்துக் கத்துக்கணும்" என்றார்.

அதே வருடம் கோடை விடுமுறைக்கு விருதுநகர் பக்கம் எங்கள் ஊருக்குப் போனோம். என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. டெல்லியில் பிறந்தவள். அடுப்படியில் போய், "பெரியம்மா, பலம் இருக்கா?" என்று கேட்டாள். கூடத்தில் இருந்த அண்ணன் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பலம் இருக்கு, வா, மூட்டையத் தூக்கு பாப்போம்" என்றான் ஒருவன். இன்னொருத்தி "இந்திக்காரி" என்று பெயரே வைத்துவிட்டாள். பெரியம்மா பாசமாகத்தான், "பளம்னு சொல்லுடி தங்கம்" என்று திருத்தினாள். அதற்கப்புறம் ஊரில் இருந்த மீதி எட்டு நாளும் என் மகள் யாருக்கும் தமிழில் பதில் சொல்லவில்லை. ஆங்கிலம், இல்லாவிட்டால் தலையாட்டல்.

மூன்று பேரும் செய்தது ஒரே பிழை. மூவர் நாக்கிலும் ழகரம் லகரமாகிவிட்டது. ஒருவருக்கு வியாபாரம் கூடியது, ஒருவருக்குக் கைதட்டல், ஒருத்திக்குக் கேலி. ஒலி ஒன்றாக இருக்கும்போது நம் எதிர்வினை இப்படி மாறுகிறது என்றால், பேசுகிறவரின் நாக்கை மட்டும் ஆராய்ந்து பயனில்லை, கேட்கிற காதையும் அந்தக் காதுக்குப் பின்னால் இருக்கிற எதிர்பார்ப்பையும் பார்க்க வேண்டும். அன்றிலிருந்து இந்த விஷயம் என்னை விடவில்லை. மொழியியலாளர்களும் உளவியலாளர்களும் இதைப் பற்றி அறுபது வருடத்துக்கும் மேலாக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டதையும், டெல்லியில் தமிழும் இந்தியும் பேசிப் புழங்குகிற நான் கண்டதையும் சேர்த்து எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் காது. வேற்று மொழிக்காரரின் உச்சரிப்புக்கு நாக்கு வளையாததுதான் காரணம் என்று நினைக்கிறோம், ஆனால் நாக்குக்கு முன்னாலேயே காது மூடிவிடுகிறது. 1984ல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் குறிப்பிடுகிற ஒன்று. இந்தியில் பல்லில் நாக்கு படும் த-வும் நாக்கை மடக்கிச் சொல்லும் ட-வும் தனித்தனி ஒலிகள், தமிழிலும் அப்படித்தான், பத்து வேறு, பட்டு வேறு. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு கிடையாது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்த இரண்டு ஒலிகளையும் போட்டுக் காட்டினார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் சுலபமாக வித்தியாசம் கண்டுகொண்டன. பத்து, பன்னிரண்டு மாதம் ஆனவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அது கேட்கவில்லை. இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கோ அந்தத் திறன் அப்படியே இருந்தது. அதாவது முதல் பிறந்தநாள் கேக் வெட்டுவதற்குள்ளேயே, தன் வீட்டு மொழிக்கு வேண்டாத வேறுபாடுகளைக் கேட்காமல் விடக் குழந்தையின் காது பழகிவிடுகிறது. அது குறை கிடையாது, சொந்த மொழியை வேகமாகப் புரிந்துகொள்ள அப்படிப்பட்ட சுருக்கம் தேவைப்படுகிறது. ஆனால் வளர்ந்தபின் இன்னொரு மொழிக்குள் போகும்போது அந்தச் சுருக்கம்தான் காலை வாருகிறது.

என் காய்கறிக்காரரின் வேங்காயத்துக்கு விளக்கம் இங்கே இருக்கிறது. டெல்லி இந்தியில் 'ஏ', 'ஓ' என்ற நெடில் உண்டு, அவற்றுக்குக் குறிலாகத் தனி எழுத்து கிடையாது. அவர் காதில் எ-யும் ஏ-யும் ஒரே கூடையில் விழுகின்றன. அதனால்தான் இந்திக்காரர்கள் தமிழ் பேசும்போது கொடு என்பது கோடு ஆகிறது, பெட்டி பேட்டி ஆகிறது, பெரிய என்பது பேரிய ஆகிறது. ள-வும் ழ-வும் அந்த இந்தியில் இல்லை, ஆகவே இரண்டும் ல-வில் போய் ஒதுங்குகின்றன. இதே இடத்தில் ஒரு மராட்டியரை நிறுத்தினால் ள பிரமாதமாக வரும், ஏனென்றால் மராட்டியில் ள இருக்கிறது. கன்னடக்காரருக்கும் ள வரும். பழைய கன்னடத்தில் ழகரமே இருந்து பின்னால் வழக்கொழிந்தது. மலையாளிக்கு ழ நம்மைவிடச் சுத்தமாக வரும். ஆக யாருடைய பிழையும் தற்செயலானதல்ல, ஒவ்வொருவரும் தங்கள் மொழியின் அளவுகோலை வைத்து நம் மொழியை அளந்து பார்க்கிறார்கள்.

இந்த எ-ஏ விஷயத்தில் என்னை மிகவும் நெகிழவைக்கிற ஒரு செய்தி உண்டு. ஓலைச்சுவடி காலத்தில் குறில் எகர ஒகரத்துக்கு மேலே ஒரு புள்ளி வைக்க வேண்டும் என்பது இலக்கணம். ஆனால் ஓலையில் புள்ளி குத்தினால் கிழிந்துவிடும் என்பதால் பெரும்பாலும் வைக்காமலே விட்டுவிடுவார்கள், படிப்பவர்தான் இடம் பார்த்துக் குறிலா நெடிலா என்று ஊகிக்க வேண்டும். அதைச் சீர்படுத்தி, இன்று நாம் எழுதுகிற மாதிரி நெடிலுக்கு இரட்டைச் சுழிக் கொம்பைக் கொண்டுவந்தவர் என்று நாம் போற்றுவது வீரமாமுனிவரை. இத்தாலியில் 1680ல் பிறந்து, வளர்ந்தபின் தமிழ் கற்ற பெஸ்கி. வெளியிலிருந்து வந்த காது என்பதால்தான், உள்ளே இருந்தவர்கள் ஊகத்தில் சமாளித்த ஓர் இடம் அவருக்குச் சங்கடமாகப் பட்டிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அவர் ழகரத்தை எப்படி உச்சரித்தார் என்று கேட்க நமக்கு வழியில்லை. 1968ல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினாவில் அவருக்கும் கால்டுவெல்லுக்கும் ஜி.யு. போப்புக்கும் சிலை வைத்தார்கள். வெள்ளைக்காரர் தமிழ் பேசினால் உருகிப்போகிற நம் மனசுக்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

எல்லா ழகரத் தவறையும் உச்சரிப்பின் தலையில் போட முடியாது. இந்திச் செய்திகளில் கனிமொழியை 'கனிமோஜி' என்று வாசிப்பதற்குப் பாதிக் காரணம், ஆங்கிலத்தில் ழ-வுக்கு நாம் போடுகிற இசட்-எச். எழுதியதைப் பார்த்து வாசிக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, நம்மில் யார் ழ சொல்கிறோம்? எங்கள் பக்கம் வாழைப்பழம் என்றால் வாளப்பளம்தான். மதுரையில் தொடங்கித் தெற்கே பெரும்பாலான பேச்சில் ழ என்பது ள ஆகிவிட்டது, கோழி கோளி, மழை மளை. சென்னையின் பழைய பேச்சில் வாயப்பயம், கெயவி. ர-வுக்கும் ற-வுக்கும் வேறுபாட்டைக் கன்னியாகுமரி, யாழ்ப்பாணம் மாதிரி சில இடங்களில் தவிர அன்றாடப் பேச்சில் அதிகம் கேட்க முடியாது. ந-வும் ன-வும் எழுத்தில் இரண்டு, காதில் ஒன்று. பெரியம்மா என் மகளிடம் "பளம்னு சொல்லு" என்றபோது ஒரு வழுவை இன்னொரு வழுவால்தான் திருத்தினாள். ஆனால் பளம் ஊர்ப் பேச்சு, பலம் வெளியாள் பேச்சு. இதில் தமிழ் இலக்கணத்துக்கு வேலையே இல்லை, யார் நம்மாள் என்று பிரிக்கிற வேலைதான் நடந்தது. தொல்காப்பியமே செய்யுளுக்கு உரிய சொற்களாக நான்கைச் சொல்லும்போது, இயற்சொல், திரிசொல், வடசொல் இவற்றோடு திசைச்சொல்லுக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறது. அந்தந்த நிலத்தார் தங்கள் வழக்கில் சொல்வதும் செய்யுளுக்கு ஆகும் என்று அவ்வளவு பழைய நூலிலேயே இருக்கிறது.

நம்மாளா வெளியாளா என்று வாயை வைத்துப் பிரிப்பது மனித குலத்தின் மிகப் பழைய பழக்கங்களில் ஒன்று. கிரேக்கர்கள் அயலாரை 'பார்பரோஸ்' என்றார்கள், அவர்கள் பேச்சு 'பர் பர்' என்று மட்டும் கேட்டதால். பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையில் காவல் இருக்கிற மிலேச்சர்கள் வருவார்கள், பேசாத நாவினர், உடம்பால் பேசுகிறவர்கள் என்று அவர்களுக்கு அடைமொழி. நிச்சயமாக அவர்களுக்கும் ஒரு மொழி இருந்திருக்கும், கேட்டவருக்கு அது பேச்சாகப் படவில்லை. பதஞ்சலியின் மகாபாஷ்யத்தில் அசுரர்கள் 'ஏ பகைவர்களே' என்பதற்கு 'அரய:' என்று ரகரத்தில் சொல்ல வேண்டியதை 'அலய:' என்று லகரத்தில் சொன்னதால் தோற்றுப்போனதாக ஒரு செய்தி வருகிறது. பைபிளில் நியாயாதிபதிகள் ஆகமம் 12ஆம் அதிகாரத்தில் நடப்பது இன்னும் கொடுமை: யோர்தான் ஆற்றுத் துறையைக் கடக்க வருகிறவனை 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொல்வார்கள், எப்பிராயீம் கோத்திரத்துக்காரன் வாயில் அது 'சிபோலேத்' என்றுதான் வரும், வந்ததும் வெட்டிவிடுவார்கள். 42,000 பேர் அப்படிச் செத்ததாக அங்கே எழுதியிருக்கிறது. ஒரே ஓர் எழுத்து.

இப்போது ஆய்வுகளுக்கு வருகிறேன். 1960ல் மான்ட்ரியால் நகரில் வாலஸ் லாம்பர்ட் என்ற உளவியலாளர் ஒரு நுணுக்கமான வேலை செய்தார். பிரெஞ்சும் ஆங்கிலமும் சரளமாகப் பேசுகிறவர்களை அழைத்து, ஒரே பகுதியை இரண்டு மொழியிலும் வாசிக்க வைத்துப் பதிவு செய்தார். கேட்கிற மாணவர்களுக்கு ஒரே ஆள்தான் இரண்டு முறை வருகிறார் என்று தெரியாது. குரலை வைத்து ஆளை மதிப்பிடச் சொன்னார். அதே ஆள் ஆங்கிலம் பேசும்போது அதிக அறிவாளி, நம்பத்தக்கவர், உயரமானவர் என்றெல்லாம் ஆங்கிலக் கனடியர்கள் சொன்னார்கள். அது எதிர்பார்த்ததுதான். பிரெஞ்சுக் கனடிய மாணவர்களும் தங்கள் சொந்த மொழி பேசிய குரலைத் தாழ்த்தி, ஆங்கிலக் குரலைத் தூக்கித்தான் மதிப்பிட்டார்கள் என்பது யாரும் எதிர்பாராதது. அந்த நகரத்தில் அன்று எந்த மொழிக்காரர் கையில் பணமும் பதவியும் இருந்தது என்பது கேட்பவர் காதுக்குள் அப்படிப் போய் உட்கார்ந்திருந்தது. என் பின்வரிசைப் பெரியவர் ஜெர்மானியப் பெண்ணின் 'டமில்' கேட்டுப் பூரித்ததையும், கட்டடம் கட்ட வந்த வடக்கத்தித் தொழிலாளி அதே லகரத்தோடு தமிழில் வழி கேட்டால் ஊரில் "டேய், இந்தி" என்று கூப்பிடுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது எனக்கு லாம்பர்ட்தான் நினைவுக்கு வருகிறார்.

1992ல் அமெரிக்காவில் டொனால்ட் ரூபின் செய்தது இதைவிட ஒரு படி மேலே போகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஓர் அமெரிக்கப் பெண் பதிவு செய்த ஒரு சின்ன வகுப்புப் பாடம். ஒரு குழு மாணவர்களுக்கு அந்தப் பாடத்தோடு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைக் காட்டினார், இன்னொரு குழுவுக்குக் கிழக்காசிய முகம் கொண்ட பெண்ணின் படம். ஒலிநாடா ஒன்றேதான். ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் பேச்சில் அயல் வாடை அடிப்பதாகச் சொன்னார்கள், பாடம் பற்றிக் கேட்டபோதும் குறைவாகத்தான் நினைவில் வைத்திருந்தார்கள். இல்லாத உச்சரிப்பு கண் வழியாகக் காதில் ஏறிவிட்டது. டெல்லியில் இருக்கிற வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். இந்த ஊரிலேயே பிறந்து இந்தியைச் சுத்தமாகப் பேசுகிற பெண்ணிடம்கூட ஆட்டோக்காரர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதை நான் முனிர்காவில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் பேசிய இந்தி என் இந்தியைவிட நூறு மடங்கு தேவலை.

2010ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஷிரி லெவ்-ஆரி, போவாஸ் கீஸார் இருவரும் வேறொரு கேள்வி கேட்டார்கள்: புரிவதற்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிற பேச்சை நாம் கொஞ்சம் குறைவாக நம்புகிறோமா? 'எறும்புகள் தூங்குவதில்லை' மாதிரி சின்னச் சின்னத் தகவல்களைப் பலவித உச்சரிப்பில் கேட்க வைத்தார்கள். பேசுகிறவர் யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறார் என்று முன்னமே சொல்லிவிட்டார்கள். அப்படியும் அயல் உச்சரிப்பில் கேட்டதைக் குறைவாகவே உண்மை என்று ஏற்றார்கள். பேசுகிறவர்மேல் வெறுப்பு இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை, காதுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை வந்தால் போதும், மனசு அந்தச் சிரமத்தைச் சொன்ன செய்தியின்மேல் ஏற்றிவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம். பின்னால் வந்த சில ஆய்வுகளில் இதே முடிவு அப்படியே கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும், எனவே இதைக் கல்லில் செதுக்க வேண்டாம். ஆனால் மருத்துவரிடமோ காவல் நிலையத்திலோ திக்கித் திணறி அந்நிய மொழியில் தன் பக்கத்தைச் சொல்லி நின்றவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

டெல்லியில் நாங்கள் அந்தப் பக்கமும் நிற்கிறவர்கள். நம் எழுத்தில் ஒரே ஒரு க, இந்தியில் அந்த இடத்தில் நான்கு. சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் ஒற்றைக்கண்ணனுக்கும் உள்ள இந்திச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் 'கானா'தான். முதல் எழுத்தில் மூச்சை அழுத்துவதும் தொண்டையை அதிரவிடுவதும்தான் வேறுபாடு. இந்த ஊருக்கு வந்த புதிதில் அலுவலகத்தில் நான் "கானா" என்று சொன்னபோது எதிரில் இருந்தவர் முகத்தில் அரை நொடி ஒரு தடுமாற்றம் தெரியும், அப்புறம் ஒரு சிரிப்பு. பஸ் பெண்பால், 'ஆ கயீ' என்று சொல்ல வேண்டும், நான் 'ஆ கயா' என்பேன். "மதராசி இந்தி" என்பார்கள். கெட்ட எண்ணம் இல்லாமல்தான் சொன்னார்கள். ஆனால் அதற்கப்புறம் ஒரு வருடம் கூட்டங்களில் நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் வாக்கியத்தை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், ஓட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறு விஷயத்துக்குப் போய்விடும். இந்திப் படத்தில் தென்னாட்டுக்காரன் வந்தால் 'அய்யய்யோ' என்றுதான் வருவான் என்று நாம் வருத்தப்படுகிறோம், நம் படங்களில் சேட்டு வந்தால் 'நம்பள்கி, நிம்பள்கி' என்றுதானே பேச வைத்தோம். அந்த வசனத்தைக் கேட்டுச் சிரித்து வளர்ந்த எனக்கு, சௌகார்ப்பேட்டையில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பங்கள் பேசுகிற சரளமான தமிழை முதல்முறை நேரில் கேட்டபோது நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

பக்கத்தில் குருகிராமில் இந்த விஷயம் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. அமெரிக்க வாடிக்கையாளர் காதுக்கு உறுத்தாமல் இருக்க கால் சென்டர் பிள்ளைகளுக்கு உச்சரிப்புப் பயிற்சி கொடுப்பது பழைய கதை. 2025ல் ஒரு பன்னாட்டு நிறுவனம், இந்திய ஊழியர்கள் பேசப் பேசவே அவர்கள் ஆங்கில உச்சரிப்பைச் செயற்கை நுண்ணறிவால் மென்மையாக்கி அனுப்புகிறது என்று செய்தி வந்தது. பேசுகிற பிள்ளையின் குரலை மாற்றுவதற்கு இவ்வளவு மூளை செலவாகியிருக்கிறது. கேட்கிறவர் கொஞ்சம் பழகிக்கொள்ளலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

பழகிக்கொள்ள முடியும், அதுவும் நாம் நினைப்பதைவிட வேகமாக. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வுகள் இவைதான். 2004ல் கான்ஸ்டன்ஸ் கிளார்க், மெரில் கேரட் இருவரும் காட்டியது: அயல் உச்சரிப்பைக் கேட்கத் தொடங்கும்போது புரிந்துகொள்ளும் வேகம் குறைகிறது, ஆனால் ஒரு நிமிடத்துக்குள், சில சமயம் இரண்டு முதல் நான்கு வாக்கியங்களுக்குள்ளேயே, அந்த இடைவெளி பெருமளவு குறைந்துவிடுகிறது. 2008ல் ஆன் பிராட்லோ, டெஸ்ஸா பென்ட் கண்டது: ஒரே உச்சரிப்பில் பல பேர் பேசுவதைக் கேட்டுப் பழகினால், அதே உச்சரிப்புள்ள முன்பின் தெரியாத ஆள் பேசினாலும் சுலபமாகப் புரிகிறது. அதற்கு முன்பே 1995ல் மர்ரே மன்றோ, டிரேசி டெர்விங் ஒரு முக்கியமான பிரிவினையைச் செய்து வைத்தார்கள். உச்சரிப்பு எவ்வளவு வேறுபட்டிருக்கிறது என்பது ஒன்று, அது எவ்வளவு புரிகிறது என்பது வேறொன்று. கேட்டவர்கள் ஒரு சொல் விடாமல் சரியாக எழுதிக் காட்டிய வாக்கியங்களையே, "கடுமையான அயல் உச்சரிப்பு" என்று மதிப்பிட்டிருந்தார்கள். "பலம் இருக்கா" என்றபோது என் மகளுக்கு என்ன வேண்டும் என்பது அந்த வீட்டில் யாருக்குப் புரியாமல் போனது? மேசைமேல் ஒரு சீப்பு இருந்தது.

குழந்தைகள் ஏன் இவ்வளவு சீக்கிரம் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதற்கும் பதில் இருக்கிறது. கேத்தரின் கின்ஸ்லர் என்ற உளவியலாளரும் உடன் பணிபுரிந்தவர்களும் 2007ல் வெளியிட்ட ஆய்வில், பத்து மாதக் குழந்தைகள் தங்கள் மொழி பேசுகிறவர் நீட்டிய பொம்மையை அதிகம் எடுத்தன, ஐந்து வயதுப் பிள்ளைகள் தங்களைப் போலவே உச்சரிக்கிற பிள்ளையை நண்பனாகத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த ஆய்வில், நிறம் வேறாக இருந்தாலும் பேச்சு ஒன்றாக இருக்கிற பிள்ளையைத்தான் வெள்ளைக்காரப் பிள்ளைகள் விரும்பினார்கள். ஆகவே எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிரித்ததற்கு அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காது இயற்கையாக வந்தது. பெரியவர்கள் அந்த நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் என் கவலை.

ஏனென்றால் கற்கிற மொழி வாயில் இருந்தால்தான் நிற்கும். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் தமிழ் சொல்லித் தருகிறார்கள், எங்கள் மாதிரி குடியிருப்புகளில் ஞாயிறு வகுப்பு நடக்கிறது. எங்கள் வகுப்புக்கு நானும் உதவிக்குப் போகிறேன். எழுத்து வந்துவிடும், திருக்குறள் மனப்பாடமாக வந்துவிடும். பேசுவதற்குத்தான் ஆள் வேண்டும், பேசினால் சிரிக்காத ஆள். மூன்று வயதுப் பிள்ளை 'பலம்' என்றால் மழலை என்று கொஞ்சுகிறோம், பதினொரு வயதில் அதையே சொன்னால் பொறுக்க மாட்டேன் என்கிறோம். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தமிழில் ஆரம்பித்தாலோ உடனே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறோம், உதவி என்று நினைத்துத்தான். அந்த ஜெர்மானியப் பெண் என்னிடம் தனியாகச் சொன்னது அதுதான்: கைதட்டுகிறார்கள், அப்புறம் யாரும் என்னோடு தமிழில் பேசுவதில்லை.

திருத்தவே கூடாது என்று சொல்லவில்லை. திருத்தாமல் விட்டால் ழ எப்படி வரும்? சின்னக் குழந்தைகளிடம் எல்லாத் தாய்மாரும் இயல்பாகச் செய்கிற ஒன்றே போதும் என்று வகுப்பில் பார்த்துப் பார்த்து எனக்குத் தோன்றுகிறது. "பலம் இருக்கா?" என்று கேட்டால், "பழம் இருக்கே, எந்தப் பழம் வேணும், மலைப்பழமா பூவன் பழமா?" என்று பதிலுக்குள்ளேயே நான்கு முறை சரியான ஒலியைப் போட்டுக் கொடுப்பது. பிள்ளை கேட்டது பழம், கிடைத்ததும் பழம், நடுவில் யாரும் அவளைப் பிடித்து நிறுத்தவில்லை. எங்கள் வீட்டில் ழ வராத நானும் இதற்காகவே ஒழுங்காக ழ சொல்லப் பழகினேன்.

போன மாதம் ஐ.என்.ஏ.வுக்கு மகளையும் கூட்டிப் போயிருந்தேன். பதின்மூன்று வயது, என் தோள் உயரம் வந்துவிட்டாள். நான் மீன் கடைப் பக்கம் போய்த் திரும்புவதற்குள் அவள் காய்கறிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் இந்தி தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அவர் வழக்கம்போலத் தமிழில் ஆரம்பித்திருக்கிறார், அவளும் தமிழிலேயே பதில் சொல்லியிருக்கிறாள். "பாப்பா, வேங்காயம் எவ்ளோ?" "அரைக் கிலோ போதும் அண்ணா. வாலைக்காய் முத்தலா இருக்கே, பிஞ்சு இல்லையா?" "கீலே இருக்கு, எடுத்துத் தர்றேன், நீ பையப் பிடி." நான் இரண்டு கடை தள்ளியே நின்றுவிட்டேன். அவர் சாக்குக்கு அடியில் கைவிட்டுப் பிஞ்சு வாழைக்காயாகப் பார்த்து எடுக்க, அவள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள், தமிழில், ஏலு, எட்டு என்று.